கீமோ சைட் எஃபெக்ட்: எந்த நாள்ல என்ன வரும், எதுக்கு உடனே போன் அடிக்கணும்

கேன்சருக்குக் கொடுக்கிற கீமோன்னு சொன்ன உடனே எல்லாருக்கும் மனசுல வர்றது ரெண்டே ரெண்டு படம்தான், ஒண்ணு மொட்டைத்தலை, இன்னொண்ணு வாளியைக் கிட்ட வெச்சுக்கிட்டு வாந்தி எடுக்கிறது. எங்கம்மாவுக்கு ஆரம்பிச்சப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆறு சைக்கிளும் (ஒரு கீமோ ஏத்தினதுலேர்ந்து அடுத்தது ஏத்துற வரைக்கும் ஒரு சைக்கிள்) கூடவே உக்காந்து பார்த்ததுக்கு அப்புறம் சொல்றேன், அது ரெண்டும் அவ்வளவு பெரிய விஷயமே இல்ல (முடி விஷயத்துல அம்மா இதை இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்க மாட்டாங்க), நிஜமா பயப்பட வேண்டியது பத்தாவது நாள் வாக்குல சத்தமில்லாம வந்து நிக்கிற ஒரு சாதா காய்ச்சல். அது ஏன், மத்ததெல்லாம் ஏன் வருது, எந்த நாள்ல வரும், எதுக்கு ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் அடிக்கணும்னு எனக்கு அப்ப யாராவது உக்கார வெச்சு சொல்லியிருந்தா பாதி பயம் கொறஞ்சிருக்கும். அதான் எழுதுறேன். நான் டாக்டர் கிடையாது, உங்க ஆங்காலஜிஸ்ட், அதாவது கேன்சர் டாக்டர் சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் வித்தியாசம் வந்தா அவர் சொல்றதைக் கேளுங்க.

முதல்ல அடிப்படை. கேன்சர் செல்லோட தொல்லையே அது நிறுத்தாம பிரிஞ்சு பிரிஞ்சு பெருகறதுதான், அதனால கீமோ மருந்துல பெரும்பாலானது பிரியற செல்லாப் பார்த்து அடிக்கும், சிலது டிஎன்ஏவைக் கெடுக்கும், சிலது செல் ரெண்டா பிரியறப்ப உள்ள இழுத்துப் புடிக்கிற நூல் மாதிரி ஒண்ணு இருக்கு, அதைப் போய் முடக்கிடும். சிக்கல் என்னன்னா இது கேன்சர் செல், இது நம்ம செல்னு மருந்துக்கு அடையாளம் தெரியாது, வேகமா பிரியுதா, போடு அடி, அவ்வளவுதான். நம்ம உடம்புலயும் அப்படி வேகமா பிரியற இடங்க இருக்கு: ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜை, வாய்லேர்ந்து குடல் முடியற வரைக்கும் உள்பக்கமா ஓடுற மெல்லிசு சவ்வு, அப்புறம் முடியோட வேர். ரத்த அணு கவுண்ட் இறங்குறது, வாய்ப்புண், பேதி, முடி கொட்டுறது எல்லாம் இந்த மூணு இடத்துலேர்ந்து வர்றதுதான். இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டாலே மத்தது தானா கோர்வையா வந்துடும்.

இன்னும் வேடிக்கை என்னன்னா, கீமோன்னு ஒண்ணு கண்டுபிடிச்சதே ஒரு சைட் எஃபெக்ட்டைப் பார்த்துத்தான். முதல் உலகப் போர்ல மஸ்டர்ட் கேஸ்னு ஒரு விஷவாயுவை விட்டாங்க, அதுல மாட்டின சிப்பாய்ங்களுக்கு ரத்தத்துல வெள்ளை அணு சரிஞ்சு, மஜ்ஜையே வத்திப்போயிருந்ததை டாக்டருங்க அப்பவே எழுதி வெச்சிருந்தாங்க. அப்புறம் 1942ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியில லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரட் கில்மன்னு ரெண்டு பேர், அந்த வாயுவோட சொந்தக்காரனான நைட்ரஜன் மஸ்டர்டை வெச்சு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தவங்க, வெள்ளை அணுவைக் கொல்லுதுன்னா வெள்ளை அணுவோட கேன்சரையும் கொல்லணுமேன்னு யோசிச்சாங்க, லிம்போமாங்கற அந்த வகை கேன்சர் முத்திப்போன ஒருத்தருக்கு அதைக் கொடுத்தப்ப கட்டியெல்லாம் சுருங்குச்சு. அந்த ஆளுக்கு நோய் திரும்பி வந்துடுச்சுங்கறது வேற விஷயம். இன்னைக்கு நாம பக்கவிளைவுன்னு திட்டுற கவுண்ட் இறங்குறதுதான் முதல்ல தெரிஞ்சுது, மருந்துங்கற பேரு அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

இப்போ நாள்காட்டிக்கு வருவோம், எனக்கு ரொம்ப உதவினது இதுதான். நிறைய பேருக்கு 21 நாளைக்கு ஒரு கீமோ ஓடும், சிலருக்கு 14 நாள், சிலருக்கு வாராவாரம், கீமோ ஏத்துற அன்னைக்கு முதல் நாள்னு கணக்கு. ரத்தத்துல இருக்கிற ஒவ்வொரு அணுவுக்கும் ஆயுசு வேற வேற. கிருமியோட சண்டை போடுற நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு ரத்தத்துக்குள்ள வந்தா சுமார் ஒரு நாள்தான் தாங்கும், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் 8லேர்ந்து 10 நாள், சிவப்பணு 120 நாள். மஜ்ஜை ஒரு வாரம் கடையை மூடினா முதல்ல எது தீரும்? நியூட்ரோஃபில்தான். அதனாலதான் பல மருந்துல 7லேர்ந்து 14 நாளுக்குள்ள வெள்ளை அணு கவுண்ட் அடிமட்டத்துக்குப் போய், மூணாவது வாரம் மஜ்ஜை மறுபடி வேலைக்கு வந்து ஏறிடுது, அந்த ஏத்தத்துக்குக் காத்திருக்கத்தான் 21 நாள் இடைவெளியே. ரத்த சோகை மட்டும் சத்தம் போடாம ஒவ்வொரு சைக்கிளுக்கும் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து, நாலாவது அஞ்சாவது சைக்கிள்ல மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க வைக்கும். கீமோவுக்கு முந்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, கவுண்ட் ஏறலைன்னா "அடுத்த வாரம் வாங்க"ன்னு அனுப்புவாங்க, அன்னைக்கு வீட்டுல இழவு விழுந்த மாதிரி உக்காந்திருந்தோம் நாங்க, தள்ளிப்போனதால வைத்தியமே தோத்துடும்னு நினைச்சுக்கிட்டு. அப்படி எல்லாம் இல்ல, கவுண்ட் ஏறாம மருந்து ஏத்துறதுலதான் ஆபத்து.

ஒரு நோட்டு வாங்கி 1லேர்ந்து 21 வரைக்கும் நம்பர் போட்டு, தினமும் ரெண்டு வரி எழுதுங்க. முதல் சைக்கிள்ல எழுதினது ரெண்டாவது சைக்கிள்ல அப்படியே ஜாதகம் மாதிரி வேலை செய்யும், "நாலாவது நாள் சாயந்திரம் அழுகையா வரும், ஆறாவது நாள் சரியாயிடும்"னு எங்கம்மா அவங்களே சொல்ற அளவுக்கு வந்துடுச்சு (அந்த நாலாவது நாள் அழுகைக்குக் காரணம் வாந்தி வராம இருக்கக் கொடுத்த மூணு நாள் ஸ்டீராய்டு மாத்திரை நின்னதுதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, அது போட்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும் தூக்கம் வராது, சக்கரை எகிறும், நின்னதும் ஆள் தொப்னு விழுந்த மாதிரி ஆயிடுவாங்க. ஸ்டீராய்டை ராத்திரி போடாம காலையிலேயே போடலாமான்னு கேளுங்க, தூக்கமாவது மிஞ்சும்).

சரி, வாந்தி. இது வயித்துல ஆரம்பிச்சு மூளையில முடியற விஷயம். கீமோ குடல் சுவத்துல இருக்கிற சில செல்லைக் கிளப்பிவிடும், அது செரோடோனினைக் கொட்டும், அந்த சேதி நரம்பு வழியா மூளைக்குப் போய் "விஷம் உள்ள வந்துருச்சு, வெளிய தள்ளு"ன்னு சொல்லும். இது முதல் 24 மணி நேரத்துல நடக்கிறது. ஆன்டன்செட்ரான், கிரானிசெட்ரான், பாலோனோசெட்ரான்னு முடியற மருந்தெல்லாம் இந்த செரோடோனின் சேதியைத்தான் தடுக்குது. அதுக்கு அப்புறம் ரெண்டாவது நாள்லேர்ந்து அஞ்சாவது நாள் வரைக்கும் வர்ற குமட்டல் வேற ரகம், அதுல சப்ஸ்டன்ஸ் பின்னு இன்னொரு கெமிக்கலோட கை ஓங்கி இருக்கும், அதைத் தடுக்கத்தான் அப்ரெபிடண்ட் மாதிரி மருந்து. கூட டெக்சாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு, பல இடங்கள்ல ஒலான்சபின்னும் ஒண்ணு கொடுக்கிறாங்க. இந்த ஒலான்சபின் பேரை நெட்ல தேடினா மனநோய்க்குக் கொடுக்கிறதுன்னு வரும், அதைப் பார்த்துட்டு "எங்கம்மாவுக்கு என்ன பைத்தியமா"ன்னு சண்டைக்குப் போனவங்களை வார்டுலயே பார்த்திருக்கேன். அது குமட்டலுக்கும் நல்லா கேக்குது, தூக்கம் மட்டும் அசத்தும், அதனால ராத்திரிதான் பெரும்பாலும் கொடுப்பாங்க.

எல்லா கீமோவும் ஒரே மாதிரி வாந்தி எடுக்க வைக்காது. சிஸ்பிளாட்டின் மாதிரி மருந்துக்கு தடுப்பு எதுவும் கொடுக்கலைன்னா பத்துல ஒன்பது பேருக்கு மேல வாந்தி எடுப்பாங்க, வின்கிரிஸ்டின் மாதிரி சிலதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது. ஆன்டன்செட்ரான் வகையே 1990 வாக்குலதான் வந்துச்சு, அதுக்கு முந்தி கீமோ எடுத்தவங்க சொன்ன கதைங்கதான் இன்னமும் சொந்தக்காரங்க வாயில சுத்திக்கிட்டு இருக்கு, அதைக் கேட்டு பயந்துக்காதீங்க. இதுல பண்ணக்கூடாத தப்பு ஒண்ணே ஒண்ணு, குமட்டல் வந்தா மாத்திரை போட்டுக்கலாம்னு காத்திருக்கிறது. வந்ததுக்கு அப்புறம் அடக்குறது கஷ்டம், வர்றதுக்கு முந்தி தடுக்கிறது சுலபம், அதனால "நல்லாத்தானே இருக்கேன்"னு மூணாவது நாள் மாத்திரையை விட்டுடாதீங்க. முதல் சைக்கிள்ல வாந்தி கட்டுப்படலைன்னா வாயை மூடிக்கிட்டு தாங்காம அப்படியே போய்ச் சொல்லுங்க, ரெண்டாவது சைக்கிளுக்கு மருந்தைக் கூட்டவோ மாத்தவோ வழி இருக்கு. முதல் ரெண்டு தடவை வாந்தி மோசமா இருந்துட்டா மூணாவது தடவை ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே, டிரிப் ஏத்துறதுக்கு முந்தியே குமட்ட ஆரம்பிச்சுடும், மனசு பழகிக்கிற பழக்கம் அது, அது வந்துட்டா சாதாரண வாந்தி மாத்திரைக்கு அவ்வளவா மசியாது. அதனாலயே முதல் சைக்கிள் முக்கியம்.

சாப்பாட்டு விஷயத்துல பெரிய சூத்திரம் எல்லாம் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி, சூடா ஆவி பறக்கிறதை விட ஆறினது (வாசனை கம்மி, அதான் காரணம்), சாப்பிட்ட உடனே படுக்காம இருக்கிறது. ரொம்பப் புடிச்ச பண்டத்தை கீமோ அன்னைக்குக் கொடுக்காதீங்க, அந்தக் குமட்டலோட அது ஒட்டிக்கிட்டு வாழ்நாள் முழுக்க வெறுத்துப்போகும். ஒரு நாள் முழுக்க தண்ணி கூட உள்ள நிக்கலை, ஒண்ணுக்கு அடர் மஞ்சளா கொஞ்சமா போகுது, எழுந்தா தலை சுத்துதுன்னா அது வீட்டுல சமாளிக்கிற நிலைமை இல்ல, கிளம்பிடுங்க.

இனிமே அந்தக் காய்ச்சல். வாய்ல வெச்சு எடுக்கிற டெம்பரேச்சர் 38.3 டிகிரி, அதாவது 101 ஃபாரன்ஹீட் ஒரு தடவை காட்டினாலோ, 38, அதாவது 100.4 ஒரு மணி நேரம் நின்னாலோ டாக்டருங்க அதைக் காய்ச்சல்னு எடுத்துக்குவாங்க. நம்மகிட்ட பல இடத்துல இதை இன்னும் சுருக்கி "100.4 காட்டுச்சா, போன் அடி"ன்னு சொல்லி அனுப்புறாங்க, அதுவே நல்லது, ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உக்கார வேண்டாம். ஏன் இவ்வளவு அவசரம்னா, நியூட்ரோஃபில் கவுண்ட் 500க்குக் கீழ போயிருக்கிற ஆளுக்கு கிருமி உள்ள வந்தா எதிர்த்து நிக்க ஆள் இல்ல, சில மணி நேரத்துல ரத்தம் முழுக்க பரவி பிரஷர் விழுந்துடலாம். இன்னொரு குழப்பம், சீழ், வீக்கம், சளி இதெல்லாம் கூட நியூட்ரோஃபில் வந்து சண்டை போடுறதால வர்றதுதான், சண்டை போட ஆளே இல்லைன்னா சீழும் இருக்காது, வீக்கமும் இருக்காது, வெறும் காய்ச்சல் மட்டும்தான் ஒரே அடையாளம். அதனாலதான் "பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்காங்க"ங்கற பேச்சு இங்க செல்லாது. ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ரத்தக்குழாய்ல ஏறணும்ங்கறது உலகம் முழுக்க வெச்சிருக்கிற இலக்கு.

எங்களுக்கு ரெண்டாவது சைக்கிள் பதினோராவது நாள் நடந்துச்சு. சாயந்திரம் அம்மா "லேசா கதகதன்னு இருக்குப்பா, ஒண்ணுமில்ல"ன்னாங்க, வெச்சுப் பார்த்தா 100.6. வீட்டுக்கு வந்திருந்த மாமா ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு தூங்கச் சொல்லுங்க, காலையில பாத்துக்கலாம்னார். அவர் மேல தப்பில்ல, வேற யாருக்கு 100.6 வந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா பாராசிட்டமால் போட்டா காய்ச்சல் மட்டும் இறங்கும், கிருமி அங்கேயேதான் இருக்கும், ஒரே ஒரு மணி அடிக்கிற ஆளையும் வாயைக் கட்டிப் போட்ட கதைதான். டெம்பரேச்சர் எடுத்து, டாக்டர்கிட்ட பேசாம காய்ச்சல் மாத்திரை போடாதீங்க. எமர்ஜென்சியில போய் நின்னா, சின்னக் காய்ச்சல்தானேன்னு வரிசையில உக்காரச் சொன்னாங்க, அப்ப "கீமோ ஓடிக்கிட்டிருக்கு, இன்னைக்கு பதினோராவது நாள், காய்ச்சல் 100.6"ன்னு சத்தமா சொன்னதும்தான் நர்ஸ் ஓடி வந்தாங்க. இந்த ஒரு வரியை வீட்டுல இருக்கிற எல்லாரும் மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க. கவுண்ட் பார்த்தா 300. நாலு நாள் அட்மிஷன், அப்புறம் சரியாயிடுச்சு. காய்ச்சலே இல்லாம உதறல் எடுத்தாலும், ஆள் குழப்பமா பேசினாலும், மூச்சு வாங்கினாலும் அதே அவசரம்தான், ஸ்டீராய்டு ஓடுறப்ப காய்ச்சல் மறைஞ்சே இருக்கலாம். டெம்பரேச்சரை ஆசனவாய் வழியா எடுக்காதீங்க, எனிமாவும் வேண்டாம், அங்க சின்னக் கீறல் விழுந்தாலே கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி.

அதுக்கு அப்புறம் ஒவ்வொரு கீமோவுக்கும் 24 மணி நேரம் கழிச்சு அம்மாவுக்கு ஒரு ஊசி போட்டாங்க, பெக்ஃபில்கிராஸ்டிம்னு பேரு, மஜ்ஜையைத் தட்டி எழுப்பி நியூட்ரோஃபில் செய்ய வைக்கும். ஊசி போட்ட ரெண்டு மூணு நாள் இடுப்பும் தொடையும் எலும்புக்குள்ளேர்ந்து வலிக்குதும்பாங்க, மஜ்ஜை வேலை செய்யறதோட வலி அது, சொன்னா மாத்திரை கொடுப்பாங்க. பச்சைக் காய்கறி, பழம் எதுவும் தொடக்கூடாதுன்னு பெரிய லிஸ்ட் ஒண்ணு சுத்துது, ஆனா ஆராய்ச்சியில பார்த்தா அப்படி எல்லாத்தையும் தடை பண்றதால இன்ஃபெக்‌ஷன் கொறையற மாதிரி தெரியலை, நல்லா கழுவுறது, முட்டையும் கறியும் முழுசா வேக வைக்கிறது, காய்ச்சாத பாலைத் தவிர்க்கிறது, கை கழுவுறது, இதுதான் முக்கியம். உங்க ஆஸ்பத்திரி வேற மாதிரி சொன்னா அதைக் கேட்டுக்கோங்க.

வாய்ப்புண் அஞ்சாவது நாள்லேர்ந்து பத்தாவது நாளுக்குள்ள எட்டிப்பார்க்கும், கவுண்ட் ஏறும்போது அதுவும் ஆறும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதுல பாதி உப்பு, கலக்கி சாப்பிட்டதுக்கு அப்புறமும் படுக்கிறதுக்கு முந்தியும் கொப்பளிக்கணும், முழுங்கக் கூடாது. ஆல்கஹால் இருக்கிற மவுத்வாஷ் வேண்டாம், எரிஞ்சு உயிர் போகும். பிரஷ் மெத்துனு இருக்கிறதா மாத்திக்கோங்க, பல்லுல ஏதாவது பிடுங்குற வேலை இருந்தா கீமோ ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே முடிச்சுடுங்க. 5-எஃப்யூங்கற மருந்தை ஒரே மூச்சுல ஏத்தும்போது அரை மணி நேரம் ஐஸ் கட்டியை வாய்ல வெச்சுச் சப்பினா வாய்ப்புண் கொறையும், ரத்தக்குழாய் சுருங்கி மருந்து அந்தப் பக்கம் கம்மியா போகுது, அவ்வளவுதான் ரகசியம். ஆனா ஆக்சலிபிளாட்டினும் சேர்ந்து ஓடினா ஐஸ் பக்கமே போகக்கூடாது, ஏன்னு கீழ வருது.

பேதியும் மலச்சிக்கலும் ஒரே ஆளுக்கு ஒரே சைக்கிள்ல வரும், அதுதான் கொடுமை. முதல் வாரம் மலச்சிக்கல், காரணம் பெரும்பாலும் கீமோ கூட இல்ல, வாந்திக்குக் கொடுத்த ஆன்டன்செட்ரானும் வலி மாத்திரையும்தான் (வின்கிரிஸ்டின் மட்டும் நேரா குடல் நரம்பையே மந்தமாக்கும்). அதனால ரெண்டு நாள் ஆகட்டும்னு பார்க்காம முதல் நாள்லேர்ந்தே மலமிளக்கி வேணுமான்னு கேளுங்க. பேதின்னா வழக்கத்தை விட ஒரு நாளைக்கு நாலு தடவையோ அதுக்கு மேலயோ கூடிப் போச்சுன்னா போன் அடிக்கணும். லோபரமைடுன்னு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பாங்க, காய்ச்சலோ ரத்தமோ கூட இருந்தா அதை நீங்களா போட்டு அடைக்காதீங்க. இரினோடெகான்னு ஒரு மருந்து, அது ஏத்துன அன்னைக்கே வேர்த்து வயித்தை முறுக்கி ஒரு பேதி வரும், அது வேற, அதுக்கு அட்ரோபின் ஊசி, சில நாள் கழிச்சு வர்றது வேற, அதுக்குத்தான் லோபரமைடு.

முடி கொட்டுறது ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல ஆரம்பிக்கும், கொத்துக் கொத்தா தலகாணியில. எல்லா கீமோவுக்கும் கொட்டாது, டாக்சோரூபிசின், பாக்ளிடாக்சல் மாதிரி மருந்துக்குக் கண்டிப்பா கொட்டும்னே வெச்சுக்கோங்க. மருந்து ஓடுறப்ப தலையில குளிர்ந்த தொப்பி மாட்டுற முறை ஒண்ணு இருக்கு, சிலருக்குக் காப்பாத்தும், சிலருக்கு இல்ல. புருவம், இமை முடி போறதுதான் அம்மாவுக்கு அதிக வருத்தம், கண்ணாடியில வேற யாரோ மாதிரி இருக்குன்னாங்க. அதுக்கு நான் "வளந்துடும்மா"ன்னு சொன்னது எதுக்கும் உதவலை, சும்மா பக்கத்துல இருந்திருக்கலாம்.

சோர்வு பத்தி ஒரு விஷயம், படுத்தே கிடந்தா சோர்வு கூடும். இதுக்கு இதுவரைக்கும் நல்லா நிரூபணமானது நடக்கிறதுதான், பத்து நிமிஷம்னாலும் சரி, மோசமான நாள்ல வாசல் வரைக்கும்னாலும் சரி. சோர்வுன்னு சொல்லி ரத்த சோகை, தைராய்டு, மன அழுத்தம் ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, அதெல்லாம் சரி பண்ணக்கூடியது.

இன்னும் சில மருந்துங்களுக்குன்னே தனித்தனி வினோதங்க இருக்கு, முன்னாடியே தெரிஞ்சா பதற மாட்டீங்க. டாக்சோரூபிசின் சிவப்பு நிறம், ஏத்துன ஒண்ணு ரெண்டு நாள் ஒண்ணுக்கு சிவப்பா போகும், ரத்தம் இல்ல. அதே மருந்து இதயத்தையும் பாதிக்கலாம், அதனால வாழ்நாள் முழுக்க இவ்வளவுதான்னு ஒரு மொத்த அளவு வெச்சிருக்காங்க, எக்கோ எடுக்கச் சொல்றது அதுக்குத்தான். ஆனா சைக்ளோபாஸ்பமைடு போன ஆளுக்கு ஒண்ணுக்குல எரிச்சலோட நிஜ ரத்தமே வரலாம், மருந்து உடைஞ்சு வர்ற கழிவு மூத்திரப்பையைப் புண்ணாக்கும், நிறைய தண்ணி குடிச்சு அடிக்கடி போகணும். சிஸ்பிளாட்டினுக்கு லிட்டர் கணக்கா சலைன் ஏத்துறது கிட்னியைக் காப்பாத்த, காதுல இரைச்சல் கேட்டா அதையும் சொல்லணும். ஆக்சலிபிளாட்டின் போனா சில நாளைக்குக் குளிர்ந்ததைத் தொட்டா ஷாக் அடிக்கும், ஜில்லுனு தண்ணி குடிச்சா தொண்டை இறுகி மூச்சு நின்ன மாதிரி இருக்கும், ஃபிரிட்ஜைத் திறக்கும்போது கூட கையுறை போட்டுக்கோங்க. கேப்சிடபின் மாத்திரைக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும், யூரியா கலந்த கிரீமை முதல்லேர்ந்தே தடவுங்க, வெந்நீர்ல ஊற வைக்காதீங்க. டிரிப் ஏறும்போது ஊசி குத்தின இடம் எரிஞ்சாலோ வீங்கினாலோ அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடணும், மருந்து ரத்தக்குழாய்க்கு வெளிய கசிஞ்சா சதையே வெந்துபோகும், மரியாதைக்குப் பொறுத்துக்கிற இடம் இது இல்ல.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு: கீமோ ஏத்தி 48 மணி நேரம் ஒண்ணுக்கு, வாந்தி எல்லாத்துலயும் மருந்து கொஞ்சம் வெளிய வரும், டாய்லெட் மூடியைப் போட்டு ரெண்டு தடவை ஃபிளஷ் பண்ணுங்க, சுத்தம் பண்றவங்க கையுறை போட்டுக்கோங்க. கட்டிப்பிடிக்கிறது, ஒண்ணா உக்காந்து சாப்பிடறது இதுக்கெல்லாம் தடை கிடையாது. வயசுல சின்னவங்களா இருந்தா கருமுட்டை, விந்து சேமிக்கிறதைப் பத்தி முதல் கீமோவுக்கு முந்தியே கேக்கணும், அப்புறம் கேட்டு பிரயோஜனம் கொறைச்சல். "இயற்கைதானே"ன்னு யாராவது மூலிகை மாத்திரை கொடுத்தா டாக்டர்கிட்ட காட்டாம உள்ள தள்ளாதீங்க, செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு ஒரு மூலிகை இரினோடெகானோட வேலையையே கொறைச்சுடுதுன்னு நல்லாவே தெரிஞ்ச விஷயம். இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியைக் கிளப்பிவிட்டு கேன்சரை அடிக்க வைக்கிற வைத்தியம்) ஓடுறவங்களுக்கு நான் சொன்ன பேதிக் கணக்கெல்லாம் பொருந்தாது, அங்க வர்ற பேதி உடம்போட எதிர்ப்பு சக்தியே குடலை அடிக்கிறதால வர்றது, வைத்தியமும் வேற, அதனால உங்களுக்கு ஓடுறது எது, மருந்து பேரு என்னன்னு எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க.

எல்லாத்தையும் விட எனக்கு இப்பவும் உறுத்துறது இதுதான். நாலாவது சைக்கிளுக்கு அப்புறம் அம்மா புடவைக்குப் பின் குத்த ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க, நான் சோர்வுன்னு நினைச்சேன். நிஜத்துல விரல் நுனி மரத்துப்போயிருந்துச்சு, பாக்ளிடாக்சல் நரம்பைத் தொட்டிருந்துச்சு. சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு பயந்து ஒரு மாசம் மறைச்சு வெச்சிருந்தாங்க, டாக்டர் கேட்டப்ப கூட "நல்லா இருக்கேன் டாக்டர்"தான். முன்னாடியே தெரிஞ்சிருந்தா டோஸைக் கொறைச்சிருக்கலாம், இடைவெளி விட்டிருக்கலாம், ஏன்னா நரம்புல வர்றதைத் தடுக்க நல்ல மருந்து இன்னும் இல்ல, வலிக்கு டுலோக்செடின் கொஞ்சம் உதவும், மரத்துப்போறதுக்கு அதுவும் பெரிசா கேக்காது. அதனால "கை மரத்துப்போகுதா"ன்னு கேக்காதீங்க, இல்லைன்னுடுவாங்க, பட்டன் போட முடியுதா, செருப்பு கால்லேர்ந்து கழண்டா தெரியுதான்னு கேளுங்க.

சொல்றது எவ்வளவு முக்கியம்னு ஒரு ஆராய்ச்சியே இருக்கு. ஈதன் பாஷ்னு ஒரு டாக்டர் தலைமையில நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில கேன்சர் பரவிப்போய் கீமோ எடுத்த 766 பேரை ரெண்டா பிரிச்சாங்க, ஒரு பக்கம் வழக்கமான கவனிப்பு, இன்னொரு பக்கம் வழக்கமான தொந்தரவு லிஸ்ட்ல தங்களுக்கு எது எவ்வளவு இருக்குன்னு கம்ப்யூட்டர்ல டிக் பண்ணணும், மோசமா இருந்தா நர்ஸுக்கு சேதி போகும். புது மருந்து எதுவும் இல்ல, வெறும் சொல்றதுதான். 2017ல வந்த ரிசல்ட்ல டிக் பண்ணவங்களோட சராசரி ஆயுசு 31.2 மாசம், மத்தவங்களுக்கு 26. சராசரின்னா இங்க பாதிப் பேர் தாண்டின அளவு. நோட்டுல ரெண்டு வரி எழுதச் சொன்னேனே, அது இதனாலதான், ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அந்த நோட்டை டாக்டர் கையிலேயே கொடுத்துடுங்க, நோயாளி வாய் "நல்லா இருக்கேன்"னு சொன்னாலும் நோட்டு உண்மையைச் சொல்லும்.

கடைசி கீமோ முடிஞ்ச அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுடாது. மரத்துப்போறது சில மருந்துல நிறுத்தினதுக்கு அப்புறமும் சில மாசம் கூடிட்டுத்தான் கொறைய ஆரம்பிக்கும், பேரு மறந்து போறது, படிச்சது மனசுல நிக்காதது இதெல்லாமும் கொஞ்ச நாள் இழுக்கும். முடி ஒண்ணு ரெண்டு மாசத்துல பூனை முடி மாதிரி முளைச்சு, ஆறு மாசத்துல தலைன்னு சொல்ற மாதிரி வரும், அம்மாவுக்கு நேரா இருந்தது சுருட்டையா வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் அவங்க நகத்தைக் காட்டினாங்க, குறுக்கால கோடு கோடா, பள்ளம் மாதிரி. ஒவ்வொரு கீமோவுக்கும் நகம் வளர்றது கொஞ்சம் நின்னு நின்னு போனதோட தடம் அது. நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர்தான் வளரும், அதனால கோடுங்க ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளியில வரிசையா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் எண்ணிப் பார்த்தோம், கட்டைவிரல்ல அஞ்சு தெளிவா தெரிஞ்சுது, ஆறாவது ஏற்கனவே வெட்டிப் போட்டதுல போயிருக்கணும்.